கையில் வெட்டுக்கத்தி, எதிரே காவலர்: வாசகர் கேள்வி – பதில்

காவல் துறை எப்போது பொறுக்க வேண்டும், எப்போது சுடலாம் என்று குமரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, காவல் பயிற்சியிலும் குற்றவியல் வழக்குகளிலும் பழக்கமுள்ள எங்கள் குழுவினர் இந்த இதழில் பதில் சொல்கிறார்கள்.

எங்கள் ஊரில் ஒருவர் குடித்துவிட்டு வெட்டுக்கத்தியோடு ரப்பர் தோட்டத்து ஓரமாக நின்றார். கிட்ட வந்தால் வெட்டுவேன் என்று கத்தினார். வந்த இரண்டு போலீஸாரும் தள்ளி நின்று வெகுநேரம் பேசிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் அவராகவே கத்தியைப் போட்டார். துப்பாக்கி இருந்தும் இப்படி நிற்பது கையாலாகாத்தனம் என்று ஊரார் பேசுகிறார்கள். அது சரியா?
– வாசகர், அருமனை

சரியில்லை. அந்த இரண்டு பேரும் தங்கள் வேலையை நன்றாகச் செய்திருக்கிறார்கள்.

கத்தி வைத்திருக்கும் ஒருவர் 21 அடியை, அதாவது சுமார் 6.4 மீட்டரை, ஒன்றரை வினாடியில் ஓடிக் கடந்துவிடுவார். அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி காவல் பயிற்சியாளர் டென்னிஸ் டூலர் 1983இல் எழுதிய கணக்கு இது. உறையிலிருந்து பிஸ்டலை உருவிக் குறிபார்த்துச் சுடவும் பயிற்சி பெற்றவருக்கு ஏறக்குறைய அதே ஒன்றரை வினாடி ஆகும். மூடி போட்ட உறை, சுடத் தயாராகத் தோட்டா ஏற்றாத பிஸ்டல் என்றால் இன்னும் கூடுதலாகும். இந்தக் கணக்கைப் பலர் ‘21 அடிக்குள் வந்தால் சுடலாம்’ என்று எடுத்துக்கொண்டார்கள். அதிலிருந்து காவலர் கற்க வேண்டியது வேறு: அந்தத் தூரத்துக்குள் தானாகப் போய் நிற்கக் கூடாது. கிட்டப் போய் நின்றவருக்குச் சுடுவதா, வெட்டு வாங்குவதா என்ற இரண்டு வழிகள்தான் மிஞ்சும். பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி நின்றவருக்குப் பேச, பின்வாங்க, கூடுதல் ஆளை வரவழைக்க என்று பல வழிகள் திறந்திருக்கும்.

தூரம் மட்டும் போதாது, நடுவே ஒரு தடையும் வேண்டும். நிறுத்திய ஜீப், கிணற்றுச் சுவர், அடுக்கிய விறகு என எதுவானாலும் கத்தியோடு வருபவரைச் சுற்றி வரவைக்கும். அந்த இரண்டு மூன்று வினாடி உயிர் காக்கும். ரப்பர் தோட்டத்தில் இன்னொரு கவனமும் தேவை. சரிவில் தட்டுத் தட்டாக வெட்டிய நிலம், மேலே சருகு. எதிராளியையே பார்த்துக்கொண்டு பின்னால் நடப்பவர் தட்டின் விளிம்பில் கால் தவறி மல்லாந்து விழுவார். விழுந்த காவலர்தான் பதறிச் சுடுவார். அதனால் பின்னால் நிற்பவர் முன்னால் நிற்பவரின் பெல்ட்டைப் பிடித்து, வழி பார்த்து நடத்த வேண்டும்.

பேசுவது ஒருவர் மட்டுமாக இருக்கட்டும். ‘கத்தியைக் கீழே போடு’ என்று ஒருவர் சொல்ல, ‘கையைத் தூக்கு’ என்று இன்னொருவர் கத்த, ‘அசையாதே’ என்று மூன்றாமவர் அதட்டினால், நிதானத்தில் இருப்பவருக்கே எதைச் செய்வதென்று தெரியாது. கையைத் தூக்கினால் கத்தியும் சேர்ந்துதானே மேலே போகும்? அதைப் பார்த்து ஓங்குகிறார் என்று சுட்டவர்கள் உண்டு. பேசுபவர் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், குரலைத் தாழ்த்த வேண்டும், ஒரு நேரத்தில் ஒன்றே சொல்ல வேண்டும். கத்தியைப் போடச் சொல்லும்போது எங்கே போடுவது என்றும் சொல்ல வேண்டும். போட்ட பிறகு நாலைந்து எட்டு தள்ளி வரச் சொல்ல வேண்டும். கையில் இருக்கும்போது போய்ப் பிடுங்கவே கூடாது. துணைக் காவலர் பேச மாட்டார். அவருடைய கண் எப்போதும் எதிராளியின் கையிலும் இடுப்பிலும் இருக்கும்.

கெடுவது பெரும்பாலும் சுற்றி நிற்பவர்களால்தான். ஊரார் வட்டம் கட்டி நின்றால் அவருக்குத் தப்ப வழியில்லை. வழியில்லாதவர் எதிரே இருப்பவர் மேல்தான் பாய்வார். ‘ஆம்பளைன்னா வெட்டுடா’ என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னால், காவலர்கள் பேசிச் சேர்த்த பொறுமை முழுவதும் போய்விடும். சண்டை போட்ட மனைவியையோ அண்ணனையோ முன்னால் கொண்டுவந்து பேசவைப்பதும் பல இடங்களில் எரிகிற கோபத்தைக் கூட்டியிருக்கிறது. கூட்டத்தைத் தள்ள ஒரு ஆளைத் தனியாக நிறுத்த முடியாவிட்டால், வந்த இருவரின் முதல் வேலை மைக்கில் இன்னும் ஆள் கேட்பது.

இந்தப் பொறுமைக்கு ஓர் எல்லை உண்டு. அவர் வீட்டுக்குள் இருக்கும் குழந்தையை நோக்கியோ கூட்டத்தை நோக்கியோ நகர்ந்தால் காத்திருக்கும் நேரம் முடிந்தது. அப்போது இடையில் போய் நிற்பது காவலரின் கடமை, சுட வேண்டி வந்தாலும்.

‘காலில் சுட்டுப் பிடித்தனர்’ என்று அடிக்கடி செய்தி வருகிறது. எல்லோரையும் காலிலேயே சுட்டால் உயிர்ச்சேதம் இருக்காதே?
– கல்லூரி மாணவி, நாகர்கோவில்

கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் கால் பாதுகாப்பான இடம் இல்லை. தொடையின் உள்பக்கம் ஓடும் பெரிய தமனி அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போகும். பேச்சிப்பாறைப் பக்கம் இது நடந்தால் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வந்து சேர ஒரு மணி நேரம் ஆகிவிடும்.

இரண்டாவது, ஓடி வருபவரின் கால் ஒடுங்கியது, மேலும் கீழுமாக அசைவது. கை நடுங்கும் நேரத்தில் அதில் குறி தவறுவதே அதிகம். தவறிய தோட்டா தரையிலோ பாறையிலோ பட்டு எங்கே தெறிக்கும் என்று சொல்ல முடியாது. குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. 7.62 மி.மீ. எஸ்.எல்.ஆர். துப்பாக்கியின் தோட்டா ஒரு ஆளைத் துளைத்துப் போன பிறகும் பின்னால் நிற்பவரைக் கொல்லும் வேகம் கொண்டது.

மூன்றாவதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். காலில் பட்டால் ஆள் உடனே நின்றுவிடுவதில்லை. இதயத்திலேயே பட்டாலும் மூளையில் மிஞ்சிய ஆக்ஸிஜனில் பத்துப் பதினைந்து வினாடி இயங்க முடியும் என்று மருத்துவம் சொல்கிறது. உண்மையிலேயே உயிருக்கு ஆபத்தான கணத்தில் கால் போதாது என்பதால்தான் பல நாடுகளில் உடலின் நடுப்பகுதியைக் குறிவைக்கப் பயிற்சி கொடுக்கிறார்கள். அதையே திருப்பிப் பாருங்கள்: நிதானமாகக் காலைக் குறிபார்க்க நேரம் இருந்தது என்றால், அந்தக் கணத்தில் சுட வேண்டிய அவசியம் இருந்ததா? ‘ஆயுதத்தை மறைத்து வைத்த இடத்தைக் காட்டக் கூட்டிப்போனோம், தாக்க முயன்றார், முழங்காலுக்குக் கீழே சுட்டோம்’ என்ற ஒரே கதை பல ஊர்களில் திரும்பத் திரும்ப வரும்போது நீதிமன்றமும் வாசகரும் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும். தண்டனையைத் தோட்டாவால் கொடுக்கும் அதிகாரம் எந்தக் காவலருக்கும் இல்லை. கைதானவருக்குக் கை முறிந்து மாவுக்கட்டுப் போட்டதைப் பார்த்துக் கைதட்டுவதும் இதே நோய்தான்.

சுட்ட பிறகு ஆபத்து நின்றதும் சுடுவதும் நிற்க வேண்டும். அடுத்த நொடியிலிருந்து அவரைக் காப்பாற்றுவது காவலரின் வேலை. காயத்துக்கு மேலே ஐந்தாறு சென்டிமீட்டர் விட்டு, மூட்டின் மேல் வராமல், அகலமான பட்டையால் இறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தை எழுதிவைக்க வேண்டும். மெல்லிய கயிறு தசையை அறுக்கும். லத்தியும் துப்பாக்கியும் ஏறுகிற ஜீப்பில் இப்படி ஒரு பட்டையும் ஏற வேண்டும்.

கொலை வழக்கில் தேடப்படுபவரைக் கண்டதும் சுட சட்டம் அனுமதிக்கிறதாமே?
– வாசகர், குழித்துறை

இல்லை. இந்தத் தவறான எண்ணம் ஒரு பிரிவைப் பாதி படிப்பதால் வருகிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 43ஆம் பிரிவு, கைதை எதிர்ப்பவரிடம் தேவையான எல்லா வழிகளையும் பயன்படுத்தலாம் என்கிறது. அதன் 4ஆம் உட்பிரிவு, மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றம் சாட்டப்படாத ஒருவருக்கு மரணம் விளைவிக்க இது உரிமை தராது என்கிறது. அதாவது திருட்டு வழக்கில் தேடப்படுபவர் சுவர் ஏறிக் குதித்து ஓடினால், அவரைப் பிடிப்பதற்காகக் கொல்ல முடியாது. கொலை வழக்கு என்றால் அந்தத் தடை இல்லை. தடை இல்லை என்பதால் அனுமதி கிடைத்ததாகாது. ‘தேவையான’ என்ற சொல் அங்கேயும் நிற்கிறது. சும்மா நின்றவரை, சரணடைந்தவரை, விலங்கு போட்டவரைக் கொல்வது எந்தக் கணக்கிலும் தேவை ஆகாது.

தற்காப்பு என்பது தனி வழி. குற்றங்களுக்கான தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் உங்களுக்கும் காவலருக்கும் ஒரே மாதிரிப் பொருந்தும். உயிர் போகும், கொடுங்காயம் ஏற்படும், அமிலம் வீசப்படும் என்பது போன்ற நியாயமான அச்சம் இருந்தால் எதிராளியின் உயிரைப் போக்கும் அளவுக்கும் அந்த உரிமை நீளும் என்கிறது 38ஆம் பிரிவு. 37ஆம் பிரிவு, தேவைக்கு மேல் ஒரு அடியும் கூடாது என்கிறது. அச்சம் தொடங்கும்போது உரிமை தொடங்குகிறது, அச்சம் நீங்கும்போது முடிகிறது என்பது 40ஆம் பிரிவு. ஆகவே வழக்கில் பார்ப்பது அந்தக் கணத்தை. முதுகில் பாய்ந்த தோட்டா, மிக அருகிலிருந்து சுட்டதால் தோலில் படிந்த வெடிமருந்துக் கருக்கு, கீழிருந்து மேலாகவா மேலிருந்து கீழாகவா போன துளை – இவை பேசும்.

ஒருவர் குற்றவாளி என்ற ஒரே காரணத்துக்காக அவரைக் கொல்வது காவலரின் கடமை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2012இல் ஓம் பிரகாஷ் எதிர் ஜார்க்கண்ட் மாநிலம் வழக்கில் தெளிவாகச் சொன்னது.

2020 ஜனவரி 8 இரவு களியக்காவிளை சோதனைச் சாவடியில் ஒரு சிறப்பு உதவி ஆய்வாளர் சுட்டுக் கொல்லப்பட்டார். பொறுமை, பேச்சு என்று சொல்லிக்கொண்டிருந்தால் காவலரின் உயிருக்கு யார் பொறுப்பு?
– ஓய்வுபெற்ற ஏட்டின் மகன், களியக்காவிளை

உங்கள் கோபம் எங்களுக்கும் உண்டு. ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறோம்: எதிராளி துப்பாக்கியை நீட்டினால் அவர் முதலில் சுடட்டும் என்று காத்திருக்கச் சட்டம் சொல்லவில்லை. நியாயமான அச்சமே போதும். முதலில் சொன்ன நிதானமான பேச்சுவார்த்தை கத்தி, கம்பு, கல் வைத்திருப்பவருக்கு. துப்பாக்கிக்கு 21 அடியும் ஒன்றுதான், 100 அடியும் ஒன்றுதான். அங்கே தூரத்தை விட மறைவு முக்கியம்.

மறைவிலும் வேறுபாடு உண்டு. ஜீப் கதவு ஆளை மறைக்கும், தோட்டாவைத் தடுக்காது. எஞ்சின் இருக்கும் முன்பகுதியும் சக்கரத்தின் இரும்பு வட்டும் தடுக்கும். காலிப் பிளாஸ்டிக் டிரம் வெறும் கண்துடைப்பு. மணல் நிரப்பினால்தான் பயன். இரவுச் சாவடியில் விளக்கு வரும் வண்டியின் மேல் விழ வேண்டும், காவலரின் முதுகுக்குப் பின்னால் எரியக் கூடாது. பின்னால் எரிந்தால் காவலர் வெளிச்சத்தில் வரைந்த குறிப்பலகை ஆகிவிடுவார். ஒருவர் ஆவணம் பார்க்கும்போது இன்னொருவர் பக்கவாட்டில், மணல்மூட்டைக்குப் பின்னால், ஆயுதத்தோடு நிற்க வேண்டும். ஓட்டுநரின் சன்னலுக்கு நேராக நிற்காமல், கதவுக்குச் சற்றுப் பின்னால் நின்றால் அவர் உடலைத் திருப்பித்தான் சுட முடியும். தனி ஆளாக, லத்தியோடு மட்டும், இரவில் எல்லைச் சாவடியில் நிறுத்துவது அந்தக் காவலருக்குச் செய்யும் அநியாயம். இதைக் கேட்டு வாங்க வேண்டியது அரசிடம்.

வானத்தை நோக்கிச் சுட்டு எச்சரிக்கலாமா? மிளகு ஸ்ப்ரே போதாதா?
– வாசகர், ஆரல்வாய்மொழி

மேலே போன தோட்டா கீழே வரும். சாய்வாகச் சுட்டால் ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் கூரையிலும் இறங்கும். வாயால் உரக்க எச்சரிப்பதே முறை.

ஸ்ப்ரே மூன்று நான்கு மீட்டர்தான் போகும். உங்கள் ஊர்க் காற்றில் அடித்தவர் கண்ணிலேயே திரும்பும். காற்று முதுகில் படும்படி நின்றால் பயன் உண்டு. அறைக்குள் அடித்தால் எல்லோருமே இருமுவார்கள். போதை தலைக்கேறியவர்களில் சிலருக்கு உறைப்பதே இல்லை. ஆனாலும் ஒவ்வொரு ரோந்து வண்டியிலும் ஸ்ப்ரேயும் இரண்டு ஃபைபர் ஷீல்டுகளும் இருக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. ஜப்பானில் ‘சஸுமாதா’ என்ற நீண்ட கவட்டைக் கம்பைப் பள்ளிகளில்கூட வைத்திருக்கிறார்கள். இருவர் இரண்டு பக்கமிருந்து அதைக் கொண்டு கத்திக்காரரைச் சுவரோடு அழுத்தினால், கத்தி எட்டாது. நம் ஊர் வெல்டிங் பட்டறையில் செய்துவிடக்கூடிய பொருள்.

என் தம்பிக்கு மனநோய். மருந்தை நிறுத்தினால் சில நேரம் கத்தியை எடுத்துக்கொண்டு அறைக்குள் பூட்டிக்கொள்வான். போலீஸைக் கூப்பிட்டால் அடிப்பார்களோ, சுடுவார்களோ என்று பயம். கூப்பிடாமல் இருக்கவும் பயம். என்ன செய்வது?
– வாசகி, குளச்சல்

சகோதரி, கூப்பிடுங்கள். எப்படிச் சொல்கிறீர்கள் என்பதில்தான் பாதி இருக்கிறது. ‘ஒருத்தன் கத்தியோட வெட்ட வாறான்’ என்று சொன்னால் வருபவர் ரவுடியைப் பிடிக்கும் மனதோடு வருவார். 112இல் இப்படிச் சொல்லுங்கள்: “என் தம்பி மனநலச் சிகிச்சையில் இருக்கிறார். மருந்து எடுத்து இத்தனை நாள் ஆகிறது. கையில் கத்தி இருக்கிறது, அறைக்குள் தனியாக இருக்கிறார். வேறு யாரும் உள்ளே இல்லை. சைரன் போடாமல் வாருங்கள்.” 108 ஆம்புலன்ஸும் வேண்டும் என்று அதே அழைப்பில் கேளுங்கள். மனநல ஆலோசனைக்கு 14416 எண் இரவும் பகலும் இயங்குகிறது.

போலீஸ் வருவதற்குள் மற்றவர்களை வெளியே கொண்டுபோங்கள். கதவை உடைக்காதீர்கள். பூட்டிய அறை அவரையும் உங்களையும் சேர்த்தே காக்கிறது. வாசலில் நின்று வருபவர்களிடம் மருந்துச் சீட்டைக் கொடுத்து, எதைச் சொன்னால் அவர் அடங்குவார், எதைச் சொன்னால் கோபப்படுவார் என்று சொல்லுங்கள். காதில் குரல் கேட்கும் நோய் என்றால் அதையும் சொல்ல வேண்டும். அப்படிப்பட்டவருக்குக் கட்டளை காதில் ஏற நேரமாகும். பதில் சொல்லாததை எதிர்ப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் 100ஆம் பிரிவு உங்கள் பக்கம் இருக்கிறது. காவலர் அவரைப் பாதுகாப்பில் எடுத்தால் 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். எந்தக் காரணம் சொல்லியும் லாக்கப்பில் அடைக்கக் கூடாது. இந்தப் பிரிவு எண்ணை மருந்துச் சீட்டின் பின்னால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பிடித்த பிறகு நாலு பேர் மேலே ஏறி அமுக்குகிறார்களே?
– வாசகர், தக்கலை

அதிகம் பேசப்படாத ஆபத்து இது. கவிழ்ந்து கிடப்பவரின் முதுகில் எடை ஏறினால் விலா விரியாது, வயிறு இறங்காது, மூச்சு போகாது. மூச்சுக்காகத் துடிப்பதை முரண்டு என்று நினைத்து இன்னும் அழுத்துகிறார்கள். போதை, பருமன், நீண்ட ஓட்டம் சேர்ந்தால் நிலைமை இன்னும் வேகமாக மோசமாகும். 2020 மே 25 அன்று அமெரிக்காவின் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் இறந்ததும் இப்படித்தான். அங்கே முழங்கால் அழுத்தியது ஒன்பது நிமிடத்துக்கு மேல்.

தோளையும் தொடையையும் பிடித்து விலங்கு மாட்ட வேண்டும், கழுத்தையும் முதுகின் நடுவையும் தொடக் கூடாது. மாட்டியதும் பக்கவாட்டில் திருப்பி, பிறகு உட்காரவைக்க வேண்டும். விலங்குக்கும் மணிக்கட்டுக்கும் இடையே ஒரு விரல் நுழைய வேண்டும், இரட்டைப் பூட்டும் போட வேண்டும். இல்லாவிட்டால் வண்டி குலுங்கக் குலுங்க இறுகும். ஜீப்பின் தரையில் கவிழ்த்துப் போட்டுக் கொண்டுபோவது கூடவே கூடாது. ‘மூச்சு விட முடியவில்லை’ என்று சொன்னால், பேச முடிகிறதே, நடிக்கிறார் என்று விடாதீர்கள். பேச்சு நின்ற பிறகு நேரம் இருக்காது.

காவலர் சுட்டதில் வீட்டு ஆள் இறந்துவிட்டால் குடும்பம் என்ன கேட்கலாம்? பக்கத்தில் இருந்தவர் செல்போனில் எடுத்த வீடியோ செல்லுமா?
– வாசகர், மணவாளக்குறிச்சி

2014 செப்டம்பரில் பி.யு.சி.எல். (மக்கள் சிவில் உரிமைக் கழகம்) எதிர் மகாராஷ்டிரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த 16 நெறிமுறைகள்தான் உங்கள் கைப்பிடி. முதல் தகவல் அறிக்கை பதிவாக வேண்டும். சுட்ட குழு அதை விசாரிக்கக் கூடாது, சி.ஐ.டி.யோ வேறு காவல் நிலையக் குழுவோ விசாரிக்க வேண்டும், மேற்பார்வை செய்பவர் சுட்ட குழுவின் தலைவரை விட ஒரு படியாவது மேலே இருக்க வேண்டும். நடுவர் (மாஜிஸ்திரேட்) விசாரணை நடந்து, அதன் அறிக்கை நீதித்துறை நடுவருக்குப் போக வேண்டும். பிரேதப் பரிசோதனையை மாவட்ட மருத்துவமனையில் இரண்டு மருத்துவர்கள் செய்ய வேண்டும், அதை வீடியோவில் பதிய வேண்டும். சுட்ட துப்பாக்கிகளை ஒப்படைத்துத் தடயவியல் ஆய்வுக்கு அனுப்ப வேண்டும். நெருங்கிய உறவினருக்கு உடனே தெரிவிக்க வேண்டும். சுட்ட கையோடு பதவி உயர்வும் வீர விருதும் கொடுக்கக் கூடாது.

இதில் குடும்பங்கள் பெரும்பாலும் தவறவிடுவது பிரேதப் பரிசோதனையை. அழுகையிலும் அலைச்சலிலும் ‘சீக்கிரம் உடலைக் கொடுங்கள்’ என்று கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அதற்கு முன்பே இரண்டு மருத்துவர், வீடியோ என்று எழுத்தில் கேளுங்கள். உடலோடு வந்த உடைகளைக் கழுவவிடாதீர்கள்; துளையைச் சுற்றிய கருக்கு துணியில்தான் முதலில் படியும். அந்த உடைகள் தடயவியல் ஆய்வுக்குப் போனதா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். உடனே எரிப்பதைவிட அடக்கம் செய்வது மறுபரிசோதனைக்கு வழி விடும்.

காவல் நிலையத்தில் நடந்தது என்றால், 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி அங்கே சி.சி.டி.வி. பதிவு இருக்க வேண்டும், 18 மாதம் வைத்திருக்க வேண்டும், கருவியின் கொள்ளளவு போதாவிட்டாலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது. அந்தத் தேதி, நேரத்தைக் குறிப்பிட்டுப் பதிவைப் பாதுகாக்கும்படி முதல் வாரத்திலேயே மனுக் கொடுங்கள்.

வீடியோ செல்லும். எடுத்த செல்போனில் மூலப் பதிவு அப்படியே இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் சுருங்கித் தேதி, நேரத் தகவல் போய்விடும். பென்டிரைவில் படி எடுங்கள். வெட்டவோ பாட்டுச் சேர்க்கவோ வேண்டாம். நீதிமன்றத்தில் கொடுக்கும்போது சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 63ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும்; அதில் செல்போனுக்குப் பொறுப்பானவரும் ஒரு நிபுணரும் கையெழுத்திட வேண்டும், எழுத வழக்கறிஞர் உதவுவார்.

மனித உரிமை ஆணையத்துக்கு வெள்ளைத் தாளில் எழுதினாலே போதும், கட்டணம் இல்லை. சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் போய்ச் சேர வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டையை மனுவின் நகலோடு சேர்த்துத் தைத்து வையுங்கள்.